குகைக்குள் போகாத வீரர்கள்

"டிராகன் எங்கீங்க ஓடிப்போகப் போகுது? முதல்ல அந்த ஆட்டுக்குட்டியத் தேடலாமுங்க," என்றான் சபரீஷ்.

நிதாவுக்குச் சுர்ரென்று ஏறியது. குகை வாசல் வரைக்கும் இவர்களை இழுத்துக்கொண்டு வருவதற்குள் பாதி மத்தியானம் போய்விட்டது. உள்ளே டிராகன் படுத்திருக்கிறது. அதைக் கொன்றால் கதை முடிந்தது. இப்போது போய், எப்போதோ வழியில் பார்த்த ஓர் இடையனின் காணாமல் போன ஆட்டுக்குட்டியாம்!

பீளமேட்டில் நிதாவின் வீட்டு ஹாலில் ஞாயிறுதோறும் நடக்கும் விளையாட்டு அது. கதையை நடத்துகிறவள் நிதா. அவள் கணவன் உவைஸ் வாள்வீரன், சபரீஷ் மந்திரவாதி, சைத்ரா வில்லாளி. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணைப் பார்த்து நிதா கதையை நகர்த்துவாள். நாலு பேரும் ஒரே ஆபீஸில் இருந்தபோது தொடங்கியது. ஆபீஸ் மாறியும் ஆட்டம் நிற்கவில்லை.

ஆனால் கொஞ்ச நாளாகக் கதை நகரவே மாட்டேன் என்கிறது. பாலம் கண்ணெதிரே இருக்க, ஆற்றைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு ஞாயிறு முழுக்க, வாங்கிய கழுதைக்குப் பேர் வைப்பதிலேயே கழிந்தது. மாவீரர்கள்!

"நான் உள்ள போறேன்," என்றான் உவைஸ், வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"தனியாப் போனா செத்துருவீங்கண்ணா." சைத்ரா அவன் பகடையைக் கையால் பொத்தினாள். "மொதல்ல ஒரு டீ குடிக்கலாமுங்க."

உவைஸ் எழுந்து சமையலறைக்குப் போனான். பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. "சீனி எங்க இருக்கு?" என்று உள்ளிருந்து கேட்டான்.

நிதா வாயைத் திறப்பதற்குள், "டப்பா மாறிருச்சுங்கண்ணா. மேல் தட்டுல, பச்சை மூடி," என்றாள் சைத்ரா.

நிதாவுக்குப் பக்கென்றது. சைத்ராவோ கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு, வரைபடத்தில் கழுதைப் பொம்மையை நகர்த்திக்கொண்டிருந்தாள். நல்ல வேளை, அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ரம்ஜான் முடிந்ததிலிருந்து உவைஸ் இந்த வீட்டில் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில், கம்பெனிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். பெரிய சண்டை என்று சொல்ல எதுவுமில்லை. பேச்சு குறைந்தது, பிறகு பேசினாலே குத்தலாயிற்று, ஒருநாள் இரண்டு பேருக்குமே போதும் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, லுங்கிக்கு மாறி, இங்கேயே தூங்கி எழுந்தவன் போல உட்கார்ந்துகொள்வான்.

கதை முடிகிற அன்றைக்கு நண்பர்களிடம் சொல்லிவிடுவது, அப்புறம் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் பேசுவது என்று ஏற்பாடு. இன்று முடிந்துவிடும் என்று காலையிலிருந்து நிதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

டீ வந்தது. அவள் கிளாஸில் மட்டும் சீனி இல்லை. அவள் சீனியை விட்டது அவனுக்கு நினைவிருக்கிறது. நிதா அதைச் சுடச்சுட விழுங்கினாள்.

"சரி, குகைக்குள்ள நுழையறீங்க..."

"இருங்கக்கா, ஆட்டுக்குட்டி கத்தற சத்தம் கேக்குதான்னு பாக்கறனுங்க." சபரீஷ் உருட்டினான். ஒன்று விழுந்தது. "கேக்கல. அப்ப ஊருக்குள்ள போயி விசாரிச்சுப்போட்டு வந்தரலாமுங்க."

நிதா டிராகன் பொம்மையை எடுத்து வரைபடத்தின் நடுவில் ஓங்கி வைத்தாள். டீ தளும்பி, கழுதையின் மேல் சிந்தியது.

"ஆடும் இல்ல, குட்டியும் இல்ல! டிராகனே வெளிய வந்துருச்சு. அடிங்க! இன்னைக்கு முடிச்சே ஆகணும்."

யாரும் பகடையைத் தொடவில்லை. சபரீஷ் சைத்ராவைப் பார்த்தான். சைத்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னதான் ஆச்சு உங்களுக்கு?" என்றாள் நிதா. "ஆடப் புடிக்கலையா? புடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க. எதுக்கு இப்படி இழுத்தடிக்கறீங்க?"

"புடிக்காம இல்லீங்கக்கா." சைத்ரா நிமிராமலே சொன்னாள். "டிராகன் செத்துட்டா, அப்புறம் அண்ணன் இந்த ஊட்டுக்கு எதுக்குங்க வருவாரு?"