பதினாலாம் பக்கம், ஆறாவது வரி

மூன்று மணிக்குள் ஒரு கையைக் காப்பாற்றியாக வேண்டும். யாருடைய கை என்றுதான் கனகேஸ்வரிக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது மணி இரண்டு நாற்பது. அச்சடிக்க வேண்டிய தாள்களை வாங்க அச்சகத்திலிருந்து வந்த நாகூர் மீரான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"அக்கா, மழை இருட்டிக்கிட்டு வருது. மூணு மணிக்குள்ள பேப்பர குடுத்தா நான் ஜெலுத்தோங் பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்துருவேன்லா."

"ரெண்டே நிமிசம் அண்ணே!"

கனகேஸ்வரி அந்தத் தொழிற்சாலையில் டெக்னிக்கல் ரைட்டர். மெஷினை எப்படி ஓட்டுவது, கோளாறு வந்தால் என்ன செய்வது என்று புத்தகம் எழுதுகிற வேலை. வீட்டில் கேட்டால் டைப்பிஸ்ட் என்பார்கள். அதற்குச் சண்டை போட இன்று நேரமில்லை. திங்கட்கிழமை புது மெஷின்கள் ஓடத் தொடங்குகின்றன. இருநூறு பெண்களின் கையில் இந்தப் புத்தகம் இருக்கும்.

மெஷினுக்குள் சர்க்கிட் போர்டு சிக்கினால், அதை நகர்த்துகிற பட்டை தானாக நின்றுவிடும். ஆனால் உள்ளே கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டுத்தான் கையை விட வேண்டும். கனகேஸ்வரி அதைத்தான் 'டர்ன் ஆஃப்' என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தாள். எஞ்சினியர் ஆர்தர் பதினாலாம் பக்கத்தின் அந்த ஆறாவது வரியைச் சிவப்பு மையால் அடித்து, அமெரிக்காவிலிருந்து மெஷினோடு வந்த பழைய வரியையே திரும்ப எழுதிவிட்டார்.

'ஓப்பன் த சுவிட்ச். பிறகு உள்ளே கையை விட்டு, சிக்கிய போர்டை எடுக்கவும்.'

"சார், இந்த வரி வேணாம் சார். பொண்ணுங்க கரண்ட்ல கைய வச்சிருவாங்க," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஆர்தரிடம்.

"ஏன் வைக்கிறாங்க? ஓப்பன்னா சர்க்கிட் கட்டாகும், கரண்ட் நிக்கும். லண்டன்ல முதல் வருசமே சொல்லிக் குடுக்கிற பாடம் இது."

"நம்ம ஊர்ல ஓப்பன்னா போடறது சார்!" அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, 'ஓப்பன் த லைட்'னு சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"லைட்ட போடுவேன். பின்ன, பல்ப கழட்டி உள்ள என்ன இருக்குன்னு பாப்பேனா?" என்றார் நாகூர் மீரான்.

ஆர்தருக்குச் சுருக்கென்றது. "இவரா மெஷின் ஓட்டப் போறாரு? ஹெட் ஆபீஸ்ல இத படிச்சா எஞ்சினியர் எழுதுனதான்னு சிரிப்பாங்க."

"புத்தகம் ஹெட் ஆபீசுக்கு இல்ல சார். உள்ள கைய விடறவங்களுக்கு!"

சொன்ன பிறகுதான் குரல் ஏறிவிட்டது அவளுக்கே தெரிந்தது. வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. போனால் போகட்டும் என்று நின்றாள். மணி இரண்டு ஐம்பது.

ஆர்தர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சொல்லிக் குடுத்தா யாரும் கத்துக்குவாங்க. காலையில சந்திரிகாவுக்கு நானே சொல்லிக் குடுத்தேன். வாங்க, காட்டறேன். ஃபேன குளோஸ் பண்ணிட்டு வாங்க, சும்மா சுத்துது."

கனகேஸ்வரி மின்விசிறியை நிறுத்திவிட்டு அவர் பின்னால் மெஷின் கூடத்துக்கு ஓடினாள். நாகூர் மீரான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் ஓடினார்.

சந்திரிகா, சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ்ஸும் ஃபெர்ரியுமாக வந்து போகிற பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். புது மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள், எஞ்சினியரைக் கண்டதும் விறைப்பாக எழுந்து நின்றாள்.

"சந்திரிகா, ஓப்பன்னா என்ன?"

"கரண்ட் இல்ல சார்."

"குளோஸ்னா?"

"கரண்ட் இருக்கு சார்."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் போலிருந்தது. ஆர்தர் திரும்பி, "இப்ப என்ன சொல்றீங்க மிஸ்?" என்றார்.

கனகேஸ்வரி சந்திரிகாவைப் பார்த்தாள். இவள் ஒருத்தி கற்றுக்கொண்டாள், சரி. மற்றவர்கள் பக்கத்தில் தினமும் ஆர்தரா நிற்கப் போகிறார்? கேட்கத்தான் வாயெடுத்தாள். ஆர்தர் விடவில்லை.

"இன்னும் நம்பிக்கை வரலையா? சரி, நானே கைய விட்டு எடுக்கறேன்." அவர் ஒரு போர்டைக் கோணலாகச் செருகி அனுப்பினார். பட்டை கிறீச்சிட்டு நின்றது. "புத்தகத்துல இருக்கறபடியே செய்மா."

ஆர்தர் நீட்டிய தாளிலிருந்து சந்திரிகா அந்த வரியை உரக்கப் படித்தாள். பக்கவாட்டில் இருந்த சுவிட்சின் பிடியைப் பிடித்து இழுத்தாள். புது மெஷின், அந்தப் பிடிக்கு மேலும் கீழும் ஆன், ஆஃப் என்று எந்தக் குறியும் இன்னும் ஒட்டப்படவில்லை.

ஆர்தர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கனகேஸ்வரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு குனிந்து, முழங்கை வரை உள்ளே விட்டார்.

"அக்கா, மணி மூணு," என்று முணுமுணுத்தார் நாகூர் மீரான்.

அப்போது மெஷினுக்குள் எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஆர்தரின் சிரிப்பு நின்றது. உள்ளே போன கை அப்படியே அசையாமல் இருந்தது. குனிந்த தலையைத் திருப்பிப் பார்க்கவும் அவருக்கு வழியில்லை.

"சந்திரிகா!" குரல் பதறியது. "சுவிட்ச்ச குளோஸ் பண்ணிட்டதானே?"

சந்திரிகாவின் கை பிடியை நோக்கிப் பாய்ந்து, தொடுவதற்கு முன் பாதியில் நின்றது.

"எந்த குளோஸ் சார்? புக்கு குளோஸா, வீட்டு குளோஸா?"