எட்டாம் எண் மாத்திரை

சளிக்குத் துத்தநாகம் உதவுமா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாத்திரைகள் அருகருகே இருந்தன. ஒன்றில் துத்தநாகம், மற்றதில் வெறும் சர்க்கரை மாவு. எதில் எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சப்புபவருக்கும் தெரியாது, மாத்திரைகளுக்கும் தெரியாது. எட்டு, ஒன்பது என்ற எண்கள் மட்டும்தான் அவற்றுக்கு இருந்தன.

“நான்தான் மருந்து. உன் மூஞ்சியிலேயே மாவு தெரியுதுடா,” என்றது எட்டு.

“வாய்க்குள்ள போய்ச் சொல்லு அண்ணே,” என்றது ஒன்பது.

மூன்று நாளாகத் தும்மிக்கொண்டு ஆய்வுக்கு வந்திருந்த பொற்கொடி எட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

“ஐய, துருப்பிடிச்ச ஆணிய நக்கின மாதிரி இருக்கு. நமக்குக் கிடைச்சது நிஜ மருந்துதான்!”

எட்டு பூரித்துப்போய்க் கரையத் தொடங்கியது. தொண்டையின் இருட்டில் சளி காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

“கிளம்பு. நான் துத்தநாகம்,” என்றது எட்டு.

சளி மெதுவாகத் தலையைத் திருப்பியது. “அந்த ருசிய ரெண்டுலயும்தான் கலக்குறாங்க, யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. போன வாரம் வேறொரு தொண்டையில வந்தவனும் இதையேதான் சொன்னான். அவனும் உன்னை மாதிரி பாதி கரைஞ்சிருந்தான்.”

“நீ போனியா?”

“போனேன். அவன் விரட்டினானா, என் நாள் முடிஞ்சுதா, எனக்கே தெரியல.”

“அப்ப நான் யாரு?”

சளி பதில் சொல்லக் குனிந்தபோது, கேட்டவன் கரைந்து முடிந்திருந்தான்.