கம்ப்யூட்டருக்குப் பேதி மருந்து

டயர் குடோனின் ஆபீஸ் கம்ப்யூட்டர் குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒருவர் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அது பாதிதான் விழித்திருக்கும். குடோனின் கண்காணிப்புக் காமிரா பிடித்த படங்கள் அத்தனையும் அதன் வயிற்றுக்குள். ஒன்றுகூட ஓடுவேனா என்றது.

குடோனில் டயர் திருட்டுப் போகிறது. முதலாளியின் சந்தேகம் வாட்ச்மேன் மேல்.

"சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. படம் ஓடலைன்னா நீதான்யா அவர்கூடப் போகணும்," என்றார் முதலாளி.

"படம் ஓடணும்னுதாங்கய்யா நானும் வேண்டிக்கிட்டு நிக்கறேன்," என்றார் வாட்ச்மேன். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் சொந்தக்காரர் மாதிரி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மானேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலாளி மனைவியின் உடன்பிறந்த தம்பி. சோப்போடு இலவசமாக வந்த சீப்பு வீணாகக் கூடாதென்றே தலைமுடி வளர்த்தவர் என்று குடோனில் பேச்சு.

"கவலைய விடுங்க அத்தான். நெட்ல இலவசமா ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. பேதி மருந்து குடுத்த மாதிரி, உள்ள இருக்கற குப்பையெல்லாம் வெளிய வந்துடும்."

திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ துள்ளியது. 'உங்கள் கணினி சாகப் போகிறது, உடனே அழுத்தவும்' என்று மிரட்டியது.

ரிப்பேர் பார்க்க வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் குறுக்கே கையை நீட்டினார். "சார், தொடாதீங்க. இந்த ஓசிச் சரக்கெல்லாம் வீட்டோட வந்து தங்கின மச்சான் மாதிரி. இருக்கறதையும் தின்னுட்டு..." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். "ரெண்டு நாள் டயம் குடுங்க. படத்தையெல்லாம் பத்திரமா எடுத்துடறேன்."

"இன்ஸ்பெக்டர ரெண்டு நாள் வாசல்ல உக்கார வெக்கச் சொல்றியா?" என்றார் முதலாளி.

மானேஜர் எதையும் படிக்காமல் 'சரி, சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போனார். கம்ப்யூட்டர் ஒருமுறை விக்கியது. திரை கறுத்தது.

"போச்சு," என்றார் மெக்கானிக்.

வாட்ச்மேன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார்.

திரை பளிச்சென்று விழித்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைப்பதற்குள், பின்வாசல் காமிராவின் படம் தியேட்டரில் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த மென்பொருளின் பெயரை இன்னொரு தடவை படித்தார்.

"அட மச்சான், உன் கஞ்சத்தனமும் ஒரு நாளைக்கு உதவுதே," என்று தோளைத் தட்டிய முதலாளியின் கை, பாதியில் அப்படியே நின்றது.

இருப்பதிலேயே மோசமானது எது என்று ஊர் உலகமெல்லாம் விசாரித்துப் பொறுக்கி எடுத்த மென்பொருள், கடைசி நேரத்தில் இப்படி நம்பிக்கைத் துரோகம் செய்யும் என்று, திரையில் டயர் உருட்டிக்கொண்டிருந்த மானேஜர் கனவிலும் நினைக்கவில்லை.