பீரோவுக்குள் இரண்டு படங்கள்

சோமசுந்தரத்தின் பீரோவுக்குள் அவருடைய புதுப் படம் ஒன்று வந்து சேர்ந்தது. அங்கே ஏற்கெனவே அவருடைய பழைய படம், கண்ணாடிச் சட்டத்தோடு, வேட்டித் துணியில் சுற்றி இருந்தது.

“அவர் போன பிறகு மாலை போட்டு மாட்ட என்னை எடுத்திருக்கார்,” என்றது புதுப் படம். “நீங்க?”

“நானும் அதுக்குத்தான். அவங்கப்பா அறுபத்திரண்டுல போயிட்டார். தனக்கும் அவ்வளவுதான்னு நெனச்சு, அறுபதுலயே ஸ்டூடியோவுக்குப் போனார். இப்ப எதுக்கு இந்த வேலைன்னு திட்டிக்கிட்டே அவர் சம்சாரம் காலரைச் சரிபண்ணி விட்டாங்க. அந்த மடிப்பு இன்னும் என் கழுத்துல அப்படியே இருக்கு, பாரு. அந்தம்மா இப்ப ஹால் சுவத்துல, மாலையோட இருக்காங்க.”

“அப்புறம் என்னை ஏன் எடுத்தார்?”

“போன வாரம் என்னைத் துடைச்சு, ரொம்ப நேரம் பாத்தார். இதை மாட்டினா, சின்ன வயசுலயே போயிட்டாரேன்னு வர்றவங்க அழுவாங்கன்னார். இப்ப அவருக்கு எண்பத்தஞ்சு.”

“இன்னும் ரெண்டே வருஷம்தான்னு என்கிட்ட சொன்னாரே.”

பழைய படம் தள்ளி இடம் கொடுத்தது.

“என்கிட்டயும் அதையேதான் சொன்னார். நல்லா சாஞ்சு உக்காரு.”