சஹானாவுக்குப் பக்கத்து இடம்

“டீச்சர், சஹானாவைக் கொஞ்சம் அனுப்பி வைங்க. உடனே கிளம்பணும்.”

நான்காம் வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்றாள் சஹானாவின் அம்மா பிரதீபா. ஜெசிந்தா டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“ஸ்கூல் விட இன்னும் நேரம் இருக்கே, என்னம்மா விசேஷம்?”

“ஊர்லேர்ந்து மாமா வந்திருக்காரு. சாயங்காலமே திரும்பிடுவாராம். இவளைப் பாக்கணும்கிறாரு.”

“கணக்குப் பரீட்சை நடக்குதும்மா. கொஞ்சம் உக்காருங்க, முடிச்சிட்டு வந்துடுவா. மாமா அதுக்குள்ள ஓடிட மாட்டாரு.”

பிரதீபா உட்காரவில்லை. டீச்சருக்கும் அவளைச் சும்மா விட மனமில்லை. சொல்லிக்கொள்ள ஒரு பெருமை இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வேலை மாற்றலில் மாமல்லபுரத்துக்கு வந்த குடும்பம் அது. பேச்சு வேறு மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகள் யாரும் சஹானாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜூன் மாதம் முழுக்க அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். அதைப் பார்த்துவிட்டு இந்தப் பிரதீபா இதே வாசலில் நின்று அழுதிருக்கிறாள்.

“அன்னிக்கு அழுதீங்களே, இப்பப் பாருங்க” என்று டீச்சர் உள்ளே கை காட்டினார். “அவ பக்கத்துல யார் உக்கார்றதுன்னு தினமும் சண்டை. பாத்ரூமுக்குப் போனாக்கூட நாலு பேர் கூடவே போறாங்க. நான் ஒண்ணும் பெருசா செய்யலை. அன்பா இருக்கிறதைப் பத்தி தினம் ஒரு கதை சொன்னேன், அவ்வளவுதான்.”

“ரொம்ப சந்தோஷம் டீச்சர். இப்ப அவளை அனுப்புங்க.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. என்ன பெண் இவள், வாய் நிறைய ஒரு நன்றி சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

அதற்குள் பிரதீபா செருப்போடு வகுப்புக்குள் நுழைந்துவிட்டாள். மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கையைப் பிடித்து எழுப்பினாள்.

“நான் வரலைம்மா. அன்பரசியோட விளையாடணும்” என்று சிணுங்கினாள் சஹானா.

அடுத்த நொடி வகுப்பே எழுந்தது. பெஞ்சு ஒன்று சாய்ந்தது. பரீட்சைத் தாள்களை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளைகள் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். டீச்சர் கதவை மறித்து நின்று, முதலில் வந்த அன்பரசியைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கடி ஓடுறீங்க எல்லாரும்?”

“லைட் ஹவுஸ் பாறை மேல ஏறணும் டீச்சர், வுடுங்க! சஹானாவைக் கூட்டினு போவ வந்துட்டாங்க இல்ல?”

“அவளைக் கூட்டிட்டுப் போனா உங்களுக்கு என்ன?”

“அவங்கப்பாவுக்கு ஆபீஸ்ல அதான் டீச்சர் வேலை. கடலுக்கு அடியில பூகம்பம் வருதான்னு பாத்துகினே இருப்பாராம். சஹானாதான் சொல்லிச்சு. சுனாமி வந்தா அவருக்குத்தான் மொதல்ல தெரியும், தன் பொண்ணைத்தான் மொதல்ல காப்பாத்துவாரு, அதனால அவ பக்கத்துலயே குந்திகினு இரு, அவ கெளம்பினா நீயும் ஓடிடுன்னு எங்கம்மா சொல்லிகீது. எல்லார் வூட்லயும் அப்படித்தான் சொல்லிகீறாங்க.”

டீச்சர் அன்பரசியை விட்டுவிட்டு மற்ற பிள்ளைகளைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் சுனாமியில் தம்பியை, சித்தியைப் பறிகொடுத்த பிள்ளைகள் இந்த வகுப்பிலேயே இருக்கிறார்கள். பயம் இருக்கும்தான். ஆனால் அந்தச் சிநேகமெல்லாம் இதற்காகவா? கதை சொல்லிச் சொல்லித் தான் வளர்த்ததாக நினைத்ததெல்லாம் இவ்வளவுதானா?

சஹானாவின் உதடு துடித்தது. “அதுக்குத்தான் என்கூட இருந்தியா?”

“அப்பால அழுவலாம், நீயும் வாடி!” என்று அன்பரசி அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள்.

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிரதீபாவின் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா கூத்தை? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. மாமாதான் வந்திருக்காருன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்கம்மா. அப்பதான் அடங்குவாங்க.”

பிரதீபா தன் மகளை விடாமல் இழுத்துக்கொண்டிருந்த அன்பரசியின் கையையே பார்த்தாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

“மாமா யாரும் வரலை டீச்சர். அறிவிப்பு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாம சஹானாவை மட்டும் கூட்டிட்டு ஓடுன்னு இவ அப்பா ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணினாரு… கதவை விடுங்க, எல்லாப் பிள்ளைங்களும் ஓடட்டும்!”