போஸ்ட் ஆபீஸ் எங்கே இருக்கு?

"சுப்ரஜா, மேல் வீட்டு ஸ்வாமிநாதன் மாமாவுக்கு மறை கழண்டுடுச்சு!"

வீட்டுக்குள்ள வந்ததும் வராததுமா ஹரீஷ் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"ஏங்க, நல்லாத்தான இருக்காரு? காலைல கூட நான் குடுத்த சட்னியில உப்பு கம்மின்னு சொல்லிட்டுப் போனாரு."

"இருவது வருஷமா இதே கோந்த்வா ஏரியாவுல இருக்காரு. இன்னைக்கு போஸ்ட் ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு..." ஹரீஷ் தோளைக் குறுக்கி, இல்லாத கண்ணாடியை மூக்குல தூக்கி விட்டுட்டு, மாமா மாதிரியே இழுத்தான். "'பாய் சாப்... போஸ்ட் ஆபீஸ் கிதர் ஹை?'ன்னு கேக்கறாரு. போர்டு அவர் தலைக்கு மேல தொங்குது!"

சுப்ரஜா சிரிச்சு முடிச்சுட்டு யோசிச்சா. "போன வாரம் பேக்கரி வாசல்ல நின்னு பேக்கரிக்கு வழி கேட்டாருன்னு வாட்ச்மேன் சொன்னான். நான்தான் நம்பல."

"அவங்க பையன் தேஜஸுக்கு ஒரு போன் போட்டுடவா?"

"போட்டா, நாளைக்கே வந்து ரெண்டு பேரையும் நாக்பூருக்கு மூட்டை கட்டிடுவான். அப்புறம் மாமியோட க்ளாஸ்?"

அதுதான் சிக்கல். ஆனந்தவல்லி மாமிக்கு ரொம்ப வருஷமா நுரையீரல் கோளாறு. நடந்தா மூச்சு வாங்கும்னு பயந்து வீட்டுக்குள்ளயே கிடந்தவங்க. கம்யூனிட்டி ஹால்ல இவங்களை மாதிரி ஆளுங்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்கறாங்க. சனிக்கிழமையானா அதுக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் மாமி வாசப்படியையே தாண்டினாங்க.

"இன்னொரு தடவை நல்லா பார்த்துட்டு போன் பண்ணுங்க"ன்னா சுப்ரஜா.

அடுத்த சனிக்கிழமை மாமாவும் மாமியும் கிளம்பினாங்க. கொஞ்சம் தள்ளி, துப்பறியற ஆளு மாதிரி ஹரீஷும் கிளம்பினான்.

போஸ்ட் ஆபீஸுக்கு எதிர் வீட்டு கேட்ல கதம் காகா மீசையை முறுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மிலிட்டரியில இருந்து ரிட்டயர் ஆனவர். மாமா நேரா அவர் முன்னால போய் நின்னார்.

"பாய் சாப், போஸ்ட் ஆபீஸ் கிதர் ஹை?"

போச்சுடா! ஹரீஷ் தலையில கை வச்சான்.

காகா எழுந்து விறைப்பா நின்னார். நேரா போ, லெஃப்ட் திரும்பு, கோயில் வரும், ரைட் திரும்பு, தண்ணி டேங்கை ஒரு சுத்து சுத்துன்னு, இந்தியிலயே கோந்த்வா பூரா பரேடு நடத்தினார். மாமாவும் "அச்சா, அச்சா"ன்னு பூம்பூம் மாடாட்டம் தலையாட்டினார்.

மாமி காம்பவுண்டு சுவரைப் பிடிச்சுட்டு, யாரையும் பார்க்காம குனிஞ்சு நின்னாங்க. புருஷன் பண்ற கூத்துல பாவம் கூசிப் போயிட்டாங்கன்னு ஹரீஷுக்குத் தோணுச்சு.

ஒரு வழியா ரெண்டு பேரும் நகர்ந்தாங்க. ஹரீஷ் விறுவிறுன்னு காகாகிட்ட போனான். நம்ம ஊர்ப் பக்கம் வெலிங்டன் மிலிட்டரி கேம்ப்புல வேலை பார்த்த புண்ணியம், காகாவுக்குத் தமிழ் கொஞ்சம் நொண்டி நொண்டி வரும்.

"ஏன் காகா, அவருக்கு மறதி. எதிர்ல இருக்கற போஸ்ட் ஆபீஸுக்கு ஊரையே சுத்த விடறீங்க. வயசான மனுஷனை வச்சு விளையாடறதா?"

"யாருக்கு மறதி? ஸ்வாமிக்கா?"

காகா சிரிச்ச சிரிப்புல அவருக்கே இருமல் வந்துடுச்சு. உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதி ஊதி அடக்கினார்.

"நானும் அந்த க்ளாஸ்தான் தம்பி. எனக்குப் புதன்கிழமை. மூச்சு வாங்கினா நில்லு, இப்படி ஊதுன்னு டீச்சர் சொல்லுது. மாமி நிக்காது. ரோட்ல சும்மா நின்னா எல்லாரும் பார்க்கும்னு ரொம்ப வெட்கம். புருஷன் வழி கேட்டா, பொண்டாட்டி நிக்கலாம் இல்ல?"

ஹரீஷ் திரும்பிப் பார்த்தான். அங்க தூரத்துல, மாமா ஒரு ஆட்டோக்காரனை நிறுத்தி என்னமோ கேட்டுட்டிருந்தார். பக்கத்துல மாமி.

"அது சரி காகா... 'இதோ எதிர்ல'ன்னு உண்மையைச் சொல்லியிருந்தாலும் நின்னிருப்பாங்களே?"

"எதிர்லன்னு சொன்னா உடனே முடிஞ்சு போயிடும் தம்பி. இன்னிக்கு மாமிக்கு மூச்சு ஜாஸ்தி வாங்கிச்சு. அதான், ரூட்டைக் கொஞ்சம் நீளமா சொன்னேன்."