இடது காது

மடியில், வீடு வீடாக ஆள் கணக்கெடுக்கும் குடிசன மதிப்புப் படிவங்களை வைத்துக்கொண்டே சோமசேகரம் மாஸ்டர் என் சலூன் கதிரையில் சாய்ந்தார்.

"வந்தது வந்திட்டன், ஒரு சேவும் எடுத்துவிடுங்கோ அண்ணை. காதை மூடின முடியில மட்டும் கை வைக்க வேண்டாம்."

அரசாங்கத் தாளோடு வருகிறவர்கள் என்னை இராசையா என்பார்கள், அல்லது டேய் என்பார்கள். இவர் அண்ணை என்றதுமே நான் கத்தியைத் தீட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முடி விஷயம் பெரிதாகப் படவில்லை. இந்த எழுபத்தொன்றாம் ஆண்டில் ஊர் இளசுகள் எல்லாம் படம் பார்த்துவிட்டுக் காதுக்கு மேல் காடு வளர்க்கிறார்கள். மாஸ்டரும் இளம் ஆள்தான். இங்கே பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்.

நானும் காதை மூடித்தான் முடி விட்டிருக்கிறேன், நாற்பத்தைந்து வயதில். ஊருக்கெல்லாம் வெட்டுகிறவனுக்கு வெட்ட ஆளில்லை என்று துறைமுகத்தில் லாஞ்சிப் படகு ஓட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

என் இடது காதில் தூர்ந்துபோன இரண்டு துளைகளின் வடு இருக்கிறது. இராமநாதபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் ஒரே காதில் இரண்டு குத்துவார்கள். ஒன்று குலசாமிக்கு, ஒன்று பிள்ளைக்கு. இங்கே அந்த வழக்கம் இல்லை; எதற்கு என்று எவனாவது துருவிக் கேட்டால் ஊர் வெளிப்பட்டுவிடும்.

ஆறு வயதில் அப்பாவோடு வள்ளத்தில் திருகோணமலைக்கு வந்து இறங்கினேன். அவர் துறைமுகத்தில் வெள்ளைக்கார மாலுமிகளுக்கு முடி வெட்டினார். எங்களிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் கிடையாது.

கடுதாசி இல்லாதவனுக்கு இங்கே ஒரு பெயர் உண்டு. கள்ளத்தோணி.

பக்கத்து லோண்டரி மாயழகு அப்படித்தான் போனான். போன மாசியில் ஒரு பொலிஸ் ஜீப் வந்தது. தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பெண்சாதி பிள்ளைகள் இங்கே. யார் காட்டிக்கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது.

செத்தாலும் பரவாயில்லை. என் பெண்சாதி புஷ்பவதியையும் மூன்று பெண்பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒருவரையும் தெரியாத ஊரில் போய் இறங்க என்னால் முடியாது.

பிறந்த இடம் கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டும், நின்றால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று புஷ்பவதி ஒரு கிழமையாகப் பழக்கியிருந்தாள். இப்போது கடைக்குப் பின்னால், எங்கள் அறையின் திரைக்கு அப்பால் நிற்கிறாள். திரைக்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன.

நுரை பூசினேன். மாஸ்டர் படிவத்தைப் புரட்டினார்.

"இந்த றோட்டில முப்பத்தொரு கதவு தட்டிட்டன். நெல்லு விதைக்கிற ஆளுமில்லை, ஒரு சாமான் செய்யிற ஆளுமில்லை. லாஞ்சி, லோண்டரி, சாப்பாட்டுக்கடை, கந்தோர் உத்தியோகம். எல்லாரும் சேவைகள் எண்ட ஒரே கட்டத்துக்குள்ள."

உண்மைதான். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பதினாலு வருஷம். அவனுக்குத் துவைத்தும் சமைத்தும் பழகிய கைகள் இப்போது ஒருவருக்கொருவர் துவைத்தும் சமைத்தும் பிழைக்கின்றன.

சேவை செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு முன்னால் உட்காருகிற எவனும் தன் முகத்தைத்தான் பார்ப்பான். இத்தனை வருஷமும் நான் அந்த வசதிக்குள்தான் ஒளிந்திருக்கிறேன்.

கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுபோனேன். அவர் பேனையைத் திறந்தார்.

"பிறந்த இடம்?"

திருகோணமலை. ஒரே ஒரு சொல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

கொஞ்சம் எச்சில் கூட்டுவதற்காக, கிருதாவை நேராக்குகிறவன் போல, அவருடைய இடது காதின் மேலிருந்த முடியை விரலால் ஒதுக்கினேன். வேண்டாம் என்று அவர் சொன்னதே மறந்துவிட்டது.

இரண்டு வடுக்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்று.

என் கை நின்றுவிட்டது.

நின்றிருக்கக் கூடாது. வேறு எந்தச் சலூன்காரனும் சின்ன வயதுக் காயம் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பான். அதைக் கண்டு திடுக்கிட எங்கள் ஊர்க்காரன் ஒருவனால்தான் முடியும்.

நிமிர்ந்தேன். கண்ணாடியில் மாஸ்டர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கத்திக்குக் கீழே அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அவருடைய உத்தியோகமும் மாஸ்டர் என்ற மரியாதையும் என் விரல்களுக்கு நடுவில் இருந்தன. என் வீடு அவருடைய பேனை முனையில் இருந்தது. யார் முதலில் வாயைத் திறப்பது?

திரைக்குக் கீழே புஷ்பவதியின் கால்விரல்கள் தரையைப் பற்றி மடங்கின.

கத்தியை எடுத்தேன். என் பதிலுக்குக் காத்திராமல் அவர் குனிந்து எழுதினார். திருகோணமலை. எழுத்துகள் கோணலும் மாணலுமாக விழுந்தன.

மீதி நுரையை எப்படி வழித்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சீப்பால் அவர் முடியைக் காதுக்கு மேல் இறக்கி வாரிவிட்டேன். அவர் எழுந்தார். கதவுப் பக்கம் போகவில்லை.

"பின்னேரம் சரிபார்க்க வேற ஒருத்தர் வருவார் அண்ணை. அவர் இந்த ஊராள், எங்களைப்போல இல்லை."

அப்படிச் சொல்லிவிட்டு என் கையிலிருந்த சீப்பை வாங்கினார். வியர்வையில் நனைந்து, எப்போது ஒதுங்கியதென்றே நான் அறியாத என் முடியை, என் இடது காதின் மேல் மெல்ல இழுத்து மூடினார்.